மேடை பொசுங்கிய படம்

அக்கா படம் எடுக்க வெயிலிலிருந்து ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வலது கண்ணை மூடிக்கொள்வாள். தாராவிச் சந்துகளில் மத்தியானத்தில் வெயில் ஒரு முழ அகலத்துக்குத்தான் விழும். ஆனால் விழுகிற இடத்தில் கண்ணைப் பறிக்கும். அதிலிருந்து ஒரே எட்டில் வீட்டுக்குள் போனால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. கட்டில் எது, கட்டிலில் உட்கார்ந்திருக்கிற மாமியார் எது என்று தடவித்தான் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. பத்து வீட்டுக்கு முன்னாலேயே ஒரு கண்ணை மூடி, அதை இருட்டுக்குப் பழக்கிவிடுவாள். உள்ளே காலை வைத்ததும் அந்தக் கண்ணைத் திறந்து, “மூலையில ஒரு பெரியவரு இருக்காவள்லா, அவியளையும் முன்ன வரச் சொல்லுங்க” என்பாள். வீட்டுக்காரர்களே அப்போதுதான் அந்தப் பெரியவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை சந்து முனையில் நின்ற ஒருவன், அக்கா தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு, படம் எடுக்கப் போன வீடு வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டான். அக்கா திரும்பிப் பார்த்தாள். “வந்தது வந்தீரு, இந்த லைட் ஸ்டாண்டைப் பிடிச்சிட்டு நில்லும்” என்று அவன் கையில் கொடுத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் நின்றான் பாவம். கடைசியில் அந்த வீட்டுக் கேசரியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அவளைப் பற்றிச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் என் மேல் உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிடும்.

தொண்ணூறடி ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவள் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று படம் எடுக்கப் போவாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவள் கொண்டுவருவதில் நல்லதைப் பொறுக்கி, கலர் சரிசெய்து, ஆல்பம் கட்டுவேன். கூடப்பிறந்தவள் இல்லை, என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா. ஆம்பிளைச் சட்டைதான் போடுவாள், இரண்டு பை வைத்தது. இடது பையில் காலி மெமரி கார்டு, வலது பையில் நிறைந்த கார்டு. அதில் ஒருநாள்கூட மாறிப்போனதில்லை. ஸ்டுடியோ முதலாளியை எல்லாரையும் போல நாங்களும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

அக்காவுக்கும் எனக்கும் தினமும் சண்டை. காரணம் அவள் எடுக்கிற விதம். கேமராவுக்கு நம் கண்ணின் சாமர்த்தியம் கிடையாது. ஒரே இடத்தில் பளீரென்று வெளிச்சமும் பக்கத்திலேயே இருட்டும் இருந்தால், அதனால் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி வைத்தால் இருட்டில் நிற்பவர்கள் கறுப்பு மையாகிவிடுவார்கள். இருட்டுக்குத் தகுந்த மாதிரி வைத்தால் வெளிச்சத்தில் இருப்பதெல்லாம் வெளுத்துப் பொசுங்கிவிடும். அதனால் அக்கா அப்படிப்பட்ட இடத்தில் ஒரே காட்சியை மூன்று தடவை எடுப்பாள். “வெளிய ஒண்ணு, நடுவுல ஒண்ணு, உள்ள ஒண்ணு” என்று வாய்க்குள் முணுமுணுப்பாள். மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் எல்லாமே தெரியும். சேர்க்க வேண்டியது யார்? நான்தான். ஆட்கள் ஆடாமல் நின்றால் சரி. கல்யாண வீட்டில் எவன் ஆடாமல் நிற்கிறான்? சேர்த்துப் பார்த்தால் மாப்பிள்ளைக்கு மூன்று கை இருக்கும்.

“சும்மா காலிபீலி எதுக்குக்கா மூணு மூணா சுட்டுத் தள்ளுத? ஒரு கல்யாணத்துக்கு மூணு கல்யாணத்துப் படத்தைக் கொண்டாந்து கொட்டுனா நான் என்னைக்கு வீட்டுக்குப் போக?”

“நீ வீட்டுக்குப் போவட்டி. உள்ள நிக்கவன் எங்க போவான்?” என்பாள்.

ஒரு குடும்பப் படம் ஞாபகம் இருக்கிறது. கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சேர்ந்த அண்ணன் தம்பிகள் ஐந்து பேரும் பளபளவென்று வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார்கள். மூத்தவரின் மனைவி கதவோரம், நிழலில். நல்ல கறுப்பு. கேமராவை அதன் போக்கில் விட்டிருந்தால் ஐந்து சட்டைகளும் அழகாக விழுந்து, அந்த அம்மாவுக்குப் பதில் ஒரு மூக்குத்தி மட்டும் தெரிந்திருக்கும். அக்கா அந்த அம்மா முகத்துக்கு அளவு வைத்து எடுத்தாள். படத்தைப் பார்த்த மூத்தவருக்குக் கோபம். “என்னம்மா, சட்டை வெளுத்து ஒண்ணுமில்லாமப் போச்சே. கஞ்சி போட்டுத் தேச்சதுல்லா?”

“சட்டை பீரோவுலதான இருக்கு அண்ணாச்சி? எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாத்துக்கிடலாம். மைனி முகத்தை எந்தப் பீரோவுல போயிப் பாப்பிய?”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூத்தவர் அடுத்த வருஷக் கொடைக்கும் அக்காதான் வர வேண்டும் என்று ஆளனுப்பினார்.

அதற்காகக் கறுத்த முகத்தை அவள் வெளுக்கவும் விட மாட்டாள். ஒரு கல்யாணப் பெண்ணை, அவள் மாமியார் கேட்டுக்கொண்டதால், நான் இரண்டு சுற்று வெளுப்பாக்கி ஆல்பம் கட்டிவிட்டேன். அக்கா புரட்டிப் பார்த்தாள்.

“இது யாருட்டி?”

“பொண்ணுதான்க்கா.”

“இந்தப் பிள்ளைய நான் எடுக்கலியே” என்று ஆல்பத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், சட்னி தடவாத வடா பாவ் ஒன்றை என் கீபோர்டு பக்கத்தில் வைத்தாள். எனக்கு வயிற்றுப்புண், காரம் ஆகாது. அவளுடைய சமாதானம் எல்லாம் இப்படித்தான் வரும்.

செம்பூரில் அந்தக் கல்யாணம் நடந்தது மே மாதத்தில். அந்த வாரத்தில் மட்டும் எங்களுக்கு நான்கு கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மாதான் வளர்த்தது, மெஸ் நடத்தி. ஆனால் அம்மா தாலி இழந்தவர் என்பதால் முகூர்த்த நேரத்தில் மேடைப் பக்கம் வரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மும்பையில் லிஃப்டும் மெட்ரோவும் வந்த பிறகும் இந்தச் சனியன் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. பெண் அலங்கார அறையில் வைத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: “அம்மா சாப்பாட்டு ஹால் கதவுகிட்ட நிப்பாங்க. தாலி கட்டறப்போ அவங்களும் இருக்கற மாதிரி ஒரே ஒரு போட்டோ வேணும்க்கா. ப்ளீஸ்.”

மேடையில் சுவர் முழுக்கப் பளபளக்கிற ஸ்கிரீன், மேலே விளக்கு மயம். கதவோரத்தில் ஒரு பல்புகூட இல்லை. ஃப்ளாஷ் அடித்தால் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், அம்மா கூசிப்போய் உள்ளே போய்விடுவார். அதனால் அக்கா ஃப்ளாஷைத் தொடவில்லை. எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மேடையும் கதவும் ஒன்றாக விழுகிற மாதிரி வைத்து, தாலி ஏறுகிற நேரத்தில் மூன்று எடுத்தாள். வெளியே, நடுவே, உள்ளே.

மறுநாள் கார்டை என்னிடம் கொடுக்கும்போது, “ஏட்டி, மேடை பூராவும் பொசுங்குனாப்ல ஒரு படம் கெடக்கும். அழிச்சிராத. அதுலதான் அந்தப் பிள்ளையோட அம்மா இருக்கு” என்றாள்.

கேட்டேனா என்றால், கேட்டேன். ‘ம்’ என்று சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு ரிசப்ஷன் படங்கள் முழுவதையும் நான் தொலைத்திருந்தேன். “இன்னொருக்க ஏதாச்சும் காணாமப் போச்சுன்னா நீ கெளம்பிரும்மா” என்று அண்ணாச்சி கடையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த எரிச்சலில் உட்கார்ந்து வேலையை ஓட்டினேன். மூன்றில் நடுவில் இருப்பது மட்டும் போதும் என்று, ரொம்ப இருட்டானதையும் ரொம்ப வெளுத்ததையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்தேன். அதில் அதுவும் போனது. கார்டுகளைத் துடைத்து அடுத்த கல்யாணத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் கேட்க மாட்டார்கள் என்று வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்.

ஐந்து மாதம் கழித்துப் பெண் வந்தாள். அம்மா தவறிப்போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. ஆல்பத்தில் அந்தப் படத்தைக் காணோம், கம்ப்யூட்டரில் இருக்குமா என்று கேட்டாள். அக்காவும் அண்ணாச்சியும் கூடவே இருந்தார்கள். நான் ஃபோல்டரைத் திறந்தேன். தேடுகிற மாதிரி மேலும் கீழும் உருட்டினேன். நடுப்படம் வந்தது. மேடை அம்சமாக இருந்தது, மாப்பிள்ளையின் மோதிரம்கூடத் தெரிந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

“இதைக் கொஞ்சம் ப்ரைட் பண்ண முடியாதாக்கா?” என்றாள் பெண்.

வெளிச்சத்தைக் கூட்டினேன். ஊதாப் புள்ளிகள்தான் கிளம்பின. அவள் ஸ்கிரீனுக்குக் கிட்டே வந்து, அந்தப் புள்ளிகளுக்குள் தேடினாள்.

“இதுக்கடுத்து ஒண்ணு உண்டுட்டி” என்றாள் அக்கா. “மேடை பொசுங்குனது. நல்லாப் பாரு.”

“பாத்தாச்சுக்கா. இல்ல.”

“நான் எடுத்தேனே.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “நம்பர் வரிசையாத்தான் இருக்கு, நீயே பாரு. அறுநூத்திப் பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. நடுவுல ஒண்ணும் போகல. நீ எடுக்கவே இல்லக்கா” என்றேன்.

வரிசையாக இருந்தது உண்மைதான். வேண்டாததை அழித்தபிறகு மிச்சத்துக்குப் புதிதாக நம்பர் போட்டதே நான்தான். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதில் என்னைத்தான் நம்புவாள். அறுநூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று அவளும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் தொங்கிப்போனது. பெண்ணிடம் திரும்பி, “என்னை மன்னிச்சிரும்மா. நான் எடுத்தேன்னுதான் நெனச்சேன். எடுக்கலை போலிருக்கு” என்றாள்.

பெண் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கே அந்தப் படத்தைத் தேடியிருக்கலாம். அழித்ததை மீட்க நூறு வழி இருக்கிறது, எனக்கும் தெரியும். தேடினால் கிடைத்துவிடுமோ என்ற பயத்தில் தேடவில்லை. என் வேலை போகக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

அதற்குப் பிறகு அக்காவுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. மூன்று எடுத்தவள் ஐந்து எடுத்தாள், ஏழு எடுத்தாள். ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் கேமரா முதுகில் குனிந்து, விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பார்க்கிற நேரத்தில் எதிரே நடப்பது நடந்து முடிந்துவிடும். மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் மாலை மாற்றுவதைத் தவறவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் இன்னொருமுறை மாற்றிக்காட்ட வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு முறை கார்டைக் கொடுக்கும்போதும் என்னிடம் கேட்பாள்: “எல்லாம் இருக்காட்டி? யாரும் விட்டுப்போகலியே?”

“இருக்குக்கா” என்பேன். வேறென்ன சொல்ல? அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு நூறு சந்தர்ப்பம் கிடைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்று தள்ளினேன். தள்ளத் தள்ள அது பெரிதாகிக்கொண்டேதான் போனது.

பொங்கலுக்குப் பிறகு அவளே நின்றுகொண்டாள். அண்ணாச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல அண்ணாச்சி” என்றாளாம். நெருள் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிற வேலையில் சேர்ந்தாள். வெள்ளைத் திரை, இரண்டு பக்கமும் ஒரே அளவு விளக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி. யாரும் இருட்டில் நிற்க முடியாத இடமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம். போன மாதம் அண்ணாச்சி பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டச் சொன்னார். படம் பொறுக்குகிற சாஃப்ட்வேர், சட்டென்று காட்டுவதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நகல் எடுத்து உள்ளே எங்கோ வைத்திருக்கும். அசலை அழித்தாலும் சில சமயம் நகல் அங்கேயே கிடக்கும். துடைப்பதற்கு முன்னால் அந்த மே மாதத்தைத் திறந்தேன். இந்தத் தடவை பயந்துகொண்டேதான் தேடினேன், ஆனால் தேடினேன். இருந்தது. மேடை முழுக்க வெள்ளை. இடது பக்கம் கதவோரத்தில் வெள்ளைப் புடவையில் ஒரு முகம். அதற்கு மேல் உற்றுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. உள்ளங்கை அளவுக்கு ப்ரிண்ட் போட்டு உறைக்குள் வைத்துக்கொண்டேன்.

சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, நெருள் போனேன். வாஷி வந்ததும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தும் விட்டேன். பின்னால் நின்றவள் “உதர்னா ஹை க்யா?”, இறங்கணுமா என்று இடித்தாள். இல்லை என்று மறுபடி உட்கார்ந்தேன்.

கடையில் நான்கைந்து பேர் ஃபாரத்தோடு நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்ததும், “ஏட்டி, நீயா! மெலிஞ்சிட்டியே” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. உட்காராமல் உறையை நீட்டினேன்.

எடுத்துப் பார்த்தாள். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். “நான் எடுத்தேன்” என்றாள். “நான் எடுத்திருக்கேன்ட்டி!” அவள் கண் நிறைந்துவிட்டது. “எங்கன கெடந்துச்சு?”

“நான்தான்க்கா அழிச்சேன். நீ சொன்ன அன்னைக்கே அழிச்சிட்டேன். அந்தப் பிள்ளை வந்தன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“நம்பரு வரிசையா இருந்துச்சே.”

“நான் போட்ட நம்பர்க்கா.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஸ்டூலில் அவளே உட்கார்ந்தாள். “மூணு வருசமா நான் அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன். தெனமும். வெளக்குப் பொருத்தும்போது” என்றாள். யாரோ ஃபாரத்தை நீட்டி ‘ஜல்தி கரோ நா’ என்று அவசரப்படுத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

“அந்தப் பிள்ளை நம்பரு இருக்கா?”

“இருக்கு.”

“போடு. நீயே சொல்லு. இங்கனயே வச்சுச் சொல்லு.”

நம்பரைத் தேடிப் போட்டேன். பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். ஸ்டுடியோ பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு. “உங்க அம்மா படம் இருக்கும்மா. அக்கா அன்னைக்கே எடுத்திருந்தாங்க. நான்தான் அழிச்சிட்டு, எடுக்கலைன்னு பொய் சொன்னேன். சின்ன சைஸ்ல ஒண்ணு கிடைச்சிருக்கு.”

அந்தப் பக்கம் குழந்தைச் சத்தம் தூரப் போனது. கதவு சாத்துகிற சத்தம். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

“அம்மா அதுல என்ன பண்ணிட்டு இருக்காங்க?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. கடவுளே, நான் பார்க்கவே இல்லை. அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையில் படத்தை முகத்துக்குக் கிட்டே பிடித்தாள்.

“நான் கேமராக்கார அக்கா பேசுதேன்மா. சொல்லுதேன், கேளு. அழலம்மா, சிரிச்ச முகமாத்தான் நிக்காவ. வலது கையத் தலைக்கு மேல தூக்கியிருக்காவ. கை நெறைய மஞ்சரிசிம்மா. அங்கன இருந்தே ஒனக்கு அட்சதை போடுதாவ.”